யோசிக்காமல் ட்ரோன் விடுவது எப்படி?

வாழ்த்துகள். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள். உள்ளே நாலு கையுள்ள ஒரு ட்ரோன், ஒரு ரிமோட், இரண்டு பேட்டரி, உதிரியாகச் சில இறக்கைகள், பொடி எழுத்தில் எச்சரிக்கைகள் அச்சடித்த ஒரு மெல்லிய தாள். தாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்கு மாற்றாகத்தான் இந்தக் கட்டுரை. வானம், சட்டம், காற்று, அடுத்தவர் தலை என்று எதைப் பற்றியும் கவலைப்படாமல், எல்லாவற்றையும் ட்ரோன் செய்த கம்பெனியின் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாகப் பறக்கவிடும் கலையை இங்கே கற்றுக்கொள்ளலாம். இந்தத் துறையில் நமக்கு முன்னோடிகள் உண்டு. நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை, அவர்கள் போன வழியைத்தான் காட்டப்போகிறேன்.

முதல் பாடம் இது: இறக்கை சுற்றினால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. பொழுதுபோக்கு ட்ரோன் சந்தையில் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கும் சீன நிறுவனமான டிஜேஐ, 2013-லிருந்தே தன் ட்ரோன்களுக்குள் ஒரு வேலியைப் போட்டுவந்தது. ஜியோஃபென்ஸ் என்பார்கள். ட்ரோன் தான் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ்ஸில் பார்க்கும். தனக்குள் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடும். பக்கத்தில் பெரிய விமான நிலையம் இருந்தால், நீங்கள் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் எழும்பாது. ஆரம்ப நாட்களில் பெரிய விமான நிலையத்திலிருந்து சுமார் 2.4 கிலோமீட்டருக்குள் அறவே பறக்க முடியாது. அதைத் தாண்டி 8 கிலோமீட்டர் வரை, தள்ளிப் போகப் போக உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். 2018-ல் இந்த வட்டத்தை மாற்றி, ஓடுபாதையின் இரண்டு முனைகளிலும் அகன்று, பக்கவாட்டில் ஒடுங்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். விமானம் தாழப் பறப்பது முனைகளில்தான் என்பதால் அது சரியான கணக்கு. வட்டம் போட்டவரை, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வீடு இருந்த அப்பாவிகள் வெறுமனே தவித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்காமல் இருப்பது முக்கியம். அமெரிக்க அரசு இந்த வேலியைக் கட்டாயமாக்கவே இல்லை. தன் பொருள் ஒருநாள் பயணிகள் விமானத்தில் போய் மோதினால் பெயரும் போகும், வியாபாரமும் போகும் என்று விற்பவரே போட்டுக்கொண்ட வேலி அது. ஆகவே சட்டம் தடுத்த இடத்திலெல்லாம் வேலி இருக்கும் என்றோ, வேலி இல்லாத இடத்திலெல்லாம் சட்டம் சும்மா இருக்கும் என்றோ யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்ததைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இனி நேரம், இடம். விடியற்காலை மூன்று மணி உகந்த நேரம். கொஞ்சம் குடித்திருந்தால் கை நடுங்காது என்று நம்புங்கள். ட்ரோன் நண்பருடையதாக இருந்தால் இன்னும் நல்லது. 2015 ஜனவரி 26 அன்று வாஷிங்டனில் ஒருவர் இப்படித்தான் செய்தார். கைமீறிப் போன ட்ரோன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் விழுந்தது. விட்டவர் யாரோ ரவுடி அல்ல, அமெரிக்காவின் வரைபட உளவுத் துறையில் வேலை பார்ப்பவர். எந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதையே தொழிலாகக் கொண்ட அலுவலகம் அது. காலையில் செய்தியைப் பார்த்துவிட்டு அவரே பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் செய்தார். அவர்மேல் வழக்குப் போடவில்லை.

தண்டனை மற்றவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த சில நாட்களிலேயே டிஜேஐ ஓர் அப்டேட்டை அறிவித்தது: வாஷிங்டன் நகர மையத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் தன் ஃபேன்டம் ரக ட்ரோன் எழும்பவே எழும்பாது. அங்கே பறக்க அரசின் தடை ஏற்கெனவே இருந்தது உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள், விற்றவர் தூரத்திலிருந்து போட்ட பூட்டில் முடங்கும் என்பதை நுகர்வோர் கண்ணால் பார்த்தார்கள். நேற்றுவரை என்னுடையது, இன்று யாருடையது என்ற கேள்வி அப்போது எழுந்ததுதான், இன்னும் அடங்கவில்லை.

அடுத்த முன்னோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் கலையின் உச்சத்தைத் தொட்டவர் அவர்.

2017 செப்டம்பர் 21. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபைக் கூட்டம். உலகத் தலைவர்கள் வந்திருப்பதால் அந்த வானத்துக்குத் தற்காலிகத் தடை. ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் ரோந்து சுற்றுகின்றன. மாலை ஏழு மணி இருபது நிமிடம், பொழுது சாய்ந்துவிட்டது. புரூக்ளின் கரையில் நின்றபடி ஒருவர் தன் ஃபேன்டம் 4-ஐக் கடலுக்கு மேல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அது இரண்டரை மைல் தள்ளிப் போய்விட்டது. அந்தத் தூரத்தில் ட்ரோன் கண்ணுக்குத் தெரியாது, ஹெலிகாப்டரும் தெரியாது. திரையில் தெரிவது மட்டும்தான் தெரியும். சுமார் 300 அடி உயரத்தில், ஸ்டேட்டன் தீவுக்குப் பக்கத்தில், ட்ரோனும் ஒரு பிளாக் ஹாக்கும் மோதிக்கொண்டன.

ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கிவிட்டது. சுழலும் பெரிய இறக்கை ஒன்றில் ஒன்றரை அங்குல நசுங்கல். ட்ரோனின் ஒரு மோட்டாரும் உடைந்த கைத் துண்டும் ஹெலிகாப்டரிலேயே சிக்கியிருந்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த மோட்டாரில் இருந்த வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு, கம்பெனியின் விற்பனைக் கணக்கு வழியாக ஆளைக் கண்டுபிடித்தது. விசாரணை அதிகாரி தொடர்புகொள்ளும்வரை மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது. சிக்னல் போயிற்று, வீட்டுக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினார், அரைமணி நேரம் காத்திருந்தார், ஏதோ கோளாறில் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டிக் கிளம்பிவிட்டார். போன ட்ரோனுக்காக வருத்தப்பட்டிருப்பார், பாவம்.

வானத்துக்குத் தடை இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நம் கலையின் மூலமந்திரமாக வைத்துக்கொள்ளலாம்: ஏதாவது பிரச்சினை இருந்தால் ஆப் சொல்லும் என்று நம்பினார். ஆப் சொல்லவில்லை. தற்காலிகத் தடைகளைக் காட்டும் வசதி சரியாக வேலை செய்யவில்லை என்று அந்த வாரங்களில் கம்பெனியே அதை நிறுத்திவைத்திருந்தது. போதாக்குறைக்கு அவர் டேப்லெட்டில் மொபைல் இணைப்பும் கிடையாது. வசதி வேலை செய்திருந்தாலும் அன்றைய தகவல் கரைக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம்.

விமான நிலையம் ஓடிப்போகாது, அதை வரைபடத்தில் ஒருமுறை குறித்தால் போதும். தீ, வெள்ளம், தலைவர் வருகை, ராணுவ ரோந்து இவையெல்லாம் இன்று காலையில் முளைத்து நாளை மறைபவை. வேலி சொதப்பும் இடமும் ட்ரோன் ஆபத்தாக மாறும் இடமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. நம்மைப் போன்ற யோசிக்காதவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

சிலருக்கு வேலியே அவமானமாகப் படும். என் வானம், என் ட்ரோன், தடுக்க நீ யார் என்பார்கள். இவர்களுக்காகவும் ஒரு மரபு வளர்ந்தது. பூட்டைக் கழற்றித் தருகிறோம் என்று மென்பொருள் விற்றவர்கள் இருந்தார்கள். கைவைத்தியக்காரர்கள் சமையலறை அலுமினியத் தாளை எடுத்து ஜிபிஎஸ் இருக்கும் இடத்தில் சுற்றினார்கள். ட்ரோனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் வேலியும் தெரியாது அல்லவா? தெரியாதுதான். கூடவே, நின்ற இடத்தில் நிற்கவும் அதற்குத் தெரியாது, காற்று தள்ளும் பக்கமெல்லாம் போகும். சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பவும் தெரியாது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இதைச் செய்து பார்ப்பது தனிச் சிறப்பு.

சும்மா கிண்டல் செய்துகொண்டே போகக் கூடாது, இவர்கள் குறையில் நியாயமும் இருந்தது. விமானக் கட்டுப்பாட்டு அறையிடம் முறையாக அனுமதி வாங்கிய படப்பிடிப்புக்காரரும், காணாமல்போனவரைத் தேடப் போன மீட்புக் குழுவும், கம்பெனியிடம் தனியாக ஒரு திறப்பு அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அரசு சரி என்ற பிறகும் கடைக்காரர் சரி என்று சொல்ல வேண்டும். ஒழுங்காக இருப்பவர் வரிசையில் நின்றார், ஒழுங்கில்லாதவர் அலுமினியத் தாளோடு போய்விட்டார். எல்லாப் பூட்டுகளின் வரலாறும் கிட்டத்தட்ட இதுதான் என்றாலும், ஒரு தனியார் நிறுவனம் ஊருக்கு வானக் காவல்காரர் வேலை பார்ப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது.

யாராவது பாதுகாப்பு என்று பேச்செடுத்தால், இது பிளாஸ்டிக் பொம்மை சார், விமானத்தை என்ன செய்யும் என்று கேளுங்கள். 2018-ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஃபேன்டம் ட்ரோனை, சிறிய விமானம் ஒன்றின் இறக்கையை நோக்கிச் சுட்டுப் பார்த்தார்கள். வேகம் மணிக்கு 238 மைல். ட்ரோன் நொறுங்கி வெளியே சிதறவில்லை. இறக்கையின் முன்விளிம்பைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய் முக்கியத் தாங்குசட்டத்தையும் சேதப்படுத்தியது. இவ்வளவு வேகத்தில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை, வெளியிட்ட வீடியோவை நீக்கிவிடுங்கள் என்று டிஜேஐ கடிதம் எழுதிச் சண்டை பிடித்தது. அந்தச் சண்டையை நீங்கள் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கம்பெனியே ஒப்புக்கொள்ளாததை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் எதிராளி வாயடைத்துப் போவார்.

இன்னொரு சாக்கு, எடை. பல நாடுகளில் 250 கிராம்தான் சட்டத்தின் கோடு. அதற்குக் கீழே என்றால் பதிவு, தேர்வு இவற்றில் சலுகை. அதனால்தான் கடையில் 249 கிராம் ட்ரோன் கிடைக்கிறது. ஒரு கிராமில் பொறியாளர்கள் சட்டத்தைத் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் சலுகை காகிதத்துக்குத்தான், வானத்துக்கு அல்ல. விமானம் வரும் பாதையில் 249 கிராமுக்கு என்று தனி வழி எதுவும் விடப்படவில்லை.

இப்போது நற்செய்தி. வேலி போய்விட்டது. 2024-ல் ஐரோப்பாவிலும், 2025 ஜனவரி 13 அன்று அமெரிக்காவிலும் டிஜேஐ தன் தடைகளை எச்சரிக்கைகளாக மாற்றியது. முன்பு எழும்பாமல் அடம்பிடித்த இடத்தில் இப்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். படித்துவிட்டேன், புரிந்தது என்று தட்டினால் போதும், கிளம்பிவிடும். பொறுப்பை இயக்குபவர் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டோம் என்பது கம்பெனியின் விளக்கம். ட்ரோன்களே தங்கள் அடையாளத்தை ஒலிபரப்பும் முறையை அமெரிக்க அரசு கொண்டுவந்துவிட்டது, வேலியை எந்தச் சட்டமும் கேட்கவில்லை என்பது காரணம். அந்த நிறுவனத்தின் கொள்கைப் பிரிவைப் பல ஆண்டுகள் நடத்திய பிரெண்டன் ஷுல்மனே இதைக் குறை சொன்னார். தானாகத் தடுக்கும் வேலி விமானப் பாதுகாப்புக்கு உதவியது என்பதற்குச் சான்று இருக்கிறது என்பது அவர் வாதம்.

என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் பாதி சரி. வேலி, தெரியாமல் வந்து நிற்பவரைத் தடுத்தது. அதே வேலிதான், தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்றும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

வேலியை எடுத்ததை நல்ல நாள் பார்த்துத்தான் அமெரிக்காவில் அறிவித்தார்களோ என்று தோன்றும். அதற்கு நான்கு நாள் முன்பு, ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்துகொண்டிருந்தது. தீயணைக்க கனடாவின் குபெக் மாகாணத்திலிருந்து சூப்பர் ஸ்கூப்பர் விமானங்கள் வந்திருந்தன. கடல்நீரை அள்ளிக்கொண்டு போய்த் தீயில் கொட்டும் விமானங்கள், தாழ்வாகத்தான் பறக்கும். வானம் மற்றவர்களுக்குத் தடை. சான்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து, சேதம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒருவர் தன் ட்ரோனை அனுப்பினார். இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் போய்க் கண்ணிலிருந்து மறைந்த ட்ரோன், தண்ணீர் கொட்டும் விமானம் ஒன்றின் இடது இறக்கையில் மோதியது. மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம் ஓட்டை. விமானம் இறங்கிவிட்டது, ஆனால் ஊர் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அதைப் பறக்க விடாமல் பழுதுபார்க்க நிறுத்த வேண்டியதாயிற்று.

அவருடைய வழக்கறிஞர்கள் முன்வைத்த விளக்கம் நமக்கு ஏற்கெனவே பழக்கமானது: ட்ரோனின் வேலி தடுக்கும் என்று நம்பியிருந்தார், அது தடுக்கவில்லை. ஏழு ஆண்டுக்கும் மேலான இடைவெளியில், கண்டத்தின் இரண்டு கரைகளிலிருந்து ஒரே வாக்கியம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர், பழுதுபார்த்த செலவான 65,169 டாலரைக் கொடுக்கவும், 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் சம்மதித்தார். வேலி ஒரு டாலர்கூடக் கட்டவில்லை.

நம்மூர் மாணவர்கள் சோர்ந்துவிட வேண்டாம், உங்களுக்கும் வாய்ப்புகள் உண்டு. இந்தியாவில் 2018 டிசம்பரில் வந்த விதி, கம்பெனி போட்ட வேலியைவிடக் கறாரானது: அரசின் இணைய அனுமதி கிடைக்காமல் ட்ரோனே கிளம்பக் கூடாது. 2021 ஆகஸ்டில் வந்த புதிய ட்ரோன் விதிகள் அதைத் தளர்த்தி, ஜியோஃபென்ஸ் போன்றவற்றைப் பின்னால் அறிவிக்கப்படும் என்ற பட்டியலில் வைத்தன. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. ஆகவே உங்கள் ட்ரோன் எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை, சிங்கப்பூர் மாமாவின் பெட்டியையும் கிளறப்போவதில்லை.

கல்யாண ஹெலிகேம்காரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. மாப்பிள்ளை அழைப்பில் தலைக்கு மேல் ஆறடியில் ட்ரோனை நிறுத்தினால் பூத் தூவியதுபோல் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எந்தக் கம்பெனி வேலிக்கும் மண்டப வாசல் தெரியாது. அது விமானத்துக்காகப் போட்டது, பட்டுப்பாவாடையில் ஓடிவரும் குழந்தைக்காக அல்ல. அதற்கு மின்கம்பி தெரியாது, சீரியல் பல்பு கட்டிய கயிறு தெரியாது, மேலே வட்டமிடும் பருந்தும் தெரியாது. பருந்துக்கு ட்ரோனைப் பிடிக்காது. சிக்னல் போனால் தானே திரும்பும் உயரத்தை எதிரிலிருக்கும் மொபைல் டவருக்குக் கீழே வைத்திருந்தால், ட்ரோன் நேர்க்கோட்டில் திரும்பி வந்து டவரைத்தான் சந்திக்கும். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு முகூர்த்தம் ஓட்டிவிடலாம் என்று பார்ப்பதையும் இந்தக் கலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லியும், இல்லை, நான் யோசித்துத்தான் விடுவேன் என்று அடம்பிடிப்பவர் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு வேலை அதிகம். ட்ரோனைப் பதிவுசெய்ய வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களைப் பார்க்க வேண்டும், அதுவும் கிளம்பும் நாளன்று. பச்சையில் 400 அடி வரை போகலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான், அதற்கும் உள்ளே அனுமதி இல்லாமல் தரையைவிட்டே எழும்பக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ட்ரோன் எப்போதும் உங்கள் கண்ணில் படும் தூரத்திலேயே இருக்க வேண்டும், திரையில் படுவது கணக்கில்லை. எங்காவது தீயோ வெள்ளமோ என்றால் வேடிக்கை பார்க்க அனுப்பாதீர்கள். ஹெலிகாப்டர் சத்தம் காதில் விழுந்தால் எடுத்துக்கொண்டிருக்கும் படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, உடனே கீழே இறக்கிவிடுங்கள். அதை ஓட்டுபவரால் உங்கள் ட்ரோனைப் பார்க்க முடியாது.